வண்டிகளில் துணை விளக்கு: ஸ்விச்சும் ரிலேயும் பொருத்தும் முறை

(டிராக்டரும் சரக்கு லாரியும் வைத்திருக்கும் குடியானவர்கள் கவனத்திற்கு)

விவசாயத் தொழிலில் இரவு வேலை என்பது இக்காலத்தில் விலக்கக் கூடாததாகிவிட்டது. கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலைக்குச் செல்லும் டிரெய்லர் வண்டிகள் விடிய விடிய ஓடுகின்றன. சென்னைக் கோயம்பேட்டுச் சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்லும் லாரிகள் இரவெல்லாம் ஓடி, பொழுது புலருமுன் போய்ச் சேருகின்றன. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்துவிட்டால் சேற்றுழவு செய்யும் டிராக்டர் இரவென்றும் பகலென்றும் பார்ப்பதற்கில்லை. இவ்வேலைகளுக்கு வண்டியோடு வரும் விளக்குகள் போதாமையால், குடியானவர்கள் கடைகளில் துணை விளக்குகளை வாங்கிப் பொருத்திக்கொள்கின்றனர். விளக்கை ஆராய்ந்து வாங்குபவர் பலர். அதற்கு மின்சாரம் போகும் வழியை ஆராய்பவர் சிலரே. ஆயினும் விளக்கின் ஒளியும், வண்டியின் க்ஷேமமும், எதிரே வருபவரின் உயிரும் அந்த வழியைப் பொறுத்தே இருக்கின்றன.

தீங்கு பிறக்கும் இடம்

சாதாரணமாக நடப்பது இதுதான். பாட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி டாஷ்போர்டுக்கு இழுக்கப்படுகிறது. அங்கே ஒரு சிறு ஸ்விச்சு ஸ்குரூ வைத்து முடுக்கப்படுகிறது. ஸ்விச்சிலிருந்து இன்னொரு கம்பி முன்புறம் சென்று விளக்குகளில் முடிகிறது. கம்பிகள் முறுக்கி டேப் சுற்றப்படுகின்றன. பியூஸ் பெரும்பாலும் இராது. அன்றிரவு விளக்கு எரிவதால் வேலை முடிந்துவிட்டதாக எண்ணப்படுகிறது.

சில மாதங்களில் ஸ்விச்சு சூடாகித் தளர்கிறது, விளக்கு மங்குகிறது, பிளாஸ்டிக் உருகும் வாசனை வருகிறது. தகடு உராய்ந்து கம்பியின் மேலுறை தேய்ந்துவிட்டாலோ, கேடு அத்துடன் நிற்பதில்லை. என்ஜினைக் கிளப்பும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரவல்ல பாட்டரி, தேய்ந்த அவ்விடத்தின் வழியாகவும் அதே வேகத்துடன் மின்சாரத்தைப் பாய்ச்சும். தடுக்கப் பியூஸ் இல்லையாயின் கம்பி முழுவதும் பழுத்துத் தீப்பற்றும். உலர்ந்த சோகையோடு கரும்பும், வைக்கோலும் ஏற்றிய வண்டியில் இதன் விளைவு என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

ஒரு சிறு கணக்கு

ஒரு குடியானவர் தம் 12 வோல்ட்டு வண்டிக்கு 55 வாட்டு ஹாலஜன் விளக்குகள் இரண்டு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 110 வாட்டு. இதனை 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9.2 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். விளக்கின் உள்ளிழை குளிர்ந்திருக்கும் முதற்கணத்தில் இதைப்போல் பல மடங்கு மின்னோட்டம் பாயும். டாஷ்போர்டில் அமையும் சிறு ஸ்விச்சுகளுள் பல இவ்வளவு சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே, ஒவ்வொரு முறை போடும்போதும் உட்புறத்துச் செம்பு முனைகள் சிறிது சிறிதாகக் கருகுகின்றன.

கம்பியின் பருமனும் கணக்கில் சேரவேண்டியதே. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை ஸ்விச்சு வழியாகச் சுற்றி 6 மீட்டர் இழுத்தால், 9.2 ஆம்பியர் பாயும்போது வழியிலேயே சுமார் ஒன்றேகால் வோல்ட்டு நஷ்டமாகும். ஹாலஜன் விளக்கில் வோல்ட்டுச் சிறிது குறைந்தாலும் ஒளி வெகுவாகக் குறையும் இயல்புடையதாதலால், இந்த நஷ்டத்திற்கு ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதாவது, இரண்டு விளக்கு வாங்கியவர் ஒன்றேகால் விளக்கைச் சற்றே மிஞ்சிய வெளிச்சத்தையே பெறுகிறார். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை 3 மீட்டர் தூரமே நேராகக் கொண்டுபோனால் நஷ்டம் ஐந்தில் ஒரு வோல்ட்டுக்கு மேற்படாது.

தளர்ந்த இணைப்பு இவை எல்லாவற்றினும் கொடிது. முறுக்கிய ஓர் இணைப்பில் பத்தில் ஒரு ஓம் தடை ஏற்பட்டாலும், மேற்கூறிய மின்னோட்டத்தில் 8 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் அந்த ஒரே புள்ளியில் தங்கிப் பிளாஸ்டிக்கை உருக்கும்.

ரிலே என்பது யாது?

ஏரி மதகைத் திறப்பவர் திருகைச் சுற்றுவதற்குச் செலவிடும் பலம் அற்பம். அதனால் வெளிப்படும் வெள்ளமோ பெரிது. வெள்ளம் மதகின் வழியே போகிறதேயன்றித் திறப்பவரின் கையின்மேல் போவதில்லை. வண்டியின் ஸ்விச்சும் அவ்வாறே திருகைச் சுற்றும் கையாக மட்டும் இருக்கவேண்டும். வெள்ளம் போகும் மதகாக நிற்பது ரிலே.

ரிலேயினுள் ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுத்து, பாட்டரியிலிருந்து விளக்குக்குச் செல்லும் பெருவழியை இணைக்கிறது. 12 வோல்ட்டு ரிலேயின் சுருளுக்கு வேண்டிய மின்னோட்டம் சாதாரணமாக 0.15 ஆம்பியர் அளவே. 9 ஆம்பியரைச் சுமந்து கருகும் ஸ்விச்சு, ரிலே வைத்தபின் அதில் அறுபதில் ஒரு பங்கைத் தாங்கினால் போதும். வண்டிக்குரிய ரிலேயின் அடியில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30 என்பது பாட்டரியிலிருந்து மின்சாரம் வரும் முனை. 87 என்பது விளக்குக்குச் செல்லும் முனை. 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். சிலவற்றில் 87ஏ என்று ஒரு முனை நடுவில் இருக்கும். அது ஸ்விச்சு அணைந்திருக்கும்போது மின்சாரம் வரும் முனையாதலால், இவ்வேலைக்கு உதவாது. அதைத் தொடாமல் விடுக.

தற்காலத்து எல்.இ.டி. விளக்குகள் குறைந்த மின்சாரத்தை உண்பவை. 18 வாட்டு விளக்கு இரண்டிற்கு 3 ஆம்பியர் போதும். ஆயினும் ஸ்விச்சு தாங்கும் அளவு அதன்மேல் எழுதப்படாதபோது, இவற்றிற்கும் ரிலே வைப்பதே உத்தமம்.

கம்பெனி ஸ்விச்சைத் தேர்ந்தெடுத்தல்

வண்டிகளின் டாஷ்போர்டில் மூடியிட்ட காலிக் கட்டங்கள் சில இருக்கும். அக்கட்டத்தின் அளவுக்கே செய்த, மற்ற ஸ்விச்சுகளோடு ஒத்த தோற்றமுள்ள ‘கம்பெனி ஸ்விச்சு’ வாங்கிப் பொருத்துவது மிகவும் நல்லது. இது அழகுக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. டாஷ்போர்டைத் துளையிட வேண்டுவதில்லை. ஆடி அசைந்து ஸ்விச்சு கழன்று விழுவதில்லை. இருட்டில் டிரைவர் கையால் தடவிப் பார்த்தே அறியலாம். விளக்கின் படம் அதன்மேல் இருப்பதால் வண்டியைப் புதிதாக ஓட்டுபவரும் தவறமாட்டார்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அது அழுத்தினால் அப்படியே நிற்கும் ஸ்விச்சாக இருக்கவேண்டும். புது வண்டிகள் சிலவற்றில் அழுத்திக் கையை எடுத்தவுடன் பழைய நிலைக்குத் திரும்பும் ஸ்விச்சுகள் உள்ளன. அவை வண்டியின் கணினிக்குச் செய்தி அனுப்புவதற்கே ஏற்பட்டவை. அவற்றால் சாதாரண ரிலேயைப் பிடித்து நிறுத்த முடியாது. இரண்டாவது, வெளித்தோற்றம் ஒன்றாயிருந்தாலும் பின்புற முனைகளின் வரிசை வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆகையால் மல்ட்டிமீட்டரை வைத்து, அழுத்தும்போது சேர்ந்து விடும்போது பிரியும் இரு முனைகள் எவை என்று கண்டு குறித்துக்கொள்ள வேண்டும். மற்ற முனைகள் ஸ்விச்சினுள் இருக்கும் சிறு அடையாள விளக்குகளுக்கு உரியவை. மூன்றாவது, ஸ்விச்சோடு அதற்குரிய பின்புற இணைப்புக் கூட்டையும் சேர்த்து வாங்கவேண்டும். முனைகளில் கம்பியைச் சுற்றி விடுவது கூடாது.

இணைக்கும் முறை

வேண்டிய பொருள்கள்: ரிலே ஒன்று, அதன் கூடு, மூடியுள்ள பியூஸ் தாங்கி இரண்டு, 15 ஆம்பியர் மற்றும் 3 ஆம்பியர் பியூஸ்கள், 2.5 சதுர மில்லிமீட்டர் மோட்டார் கம்பி, ஸ்விச்சுக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி, அழுத்திப் பிடிக்கும் முனைகள், நெளிகுழாய், ரப்பர் வளையங்கள். இவ்வளவின் விலையும் ஒரு டிராக்டர் டயர் விலையில் மிகச் சிறு பங்கே.

1. முதலில் பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். வேலை முழுவதும் முடிந்தபின் கடைசியாகவே அதனை மாட்ட வேண்டும்.

2. பாட்டரியின் பிளஸ் முனையிலிருந்து தடித்த கம்பி புறப்படட்டும். பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் 15 ஆம்பியர் பியூஸ் அமைய வேண்டும். கம்பி எங்கே உராய்ந்தாலும் பியூஸுக்கு அப்பால் உராயும்படி செய்வதே இதன் நோக்கம். அங்கிருந்து கம்பி ரிலேயின் 30 முனைக்குச் செல்லும்.

3. ரிலேயை என்ஜின் சூட்டிற்கு எட்டாத தகட்டில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி முடுக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் வண்டி கழுவும் தண்ணீர் தங்கி முனைகள் பச்சை பூக்கும்.

4. 87 முனையிலிருந்து விளக்குகளின் பிளஸ் கம்பிக்கு இணைக்க வேண்டும். விளக்குகளின் மைனஸ் கம்பியை எர்த் செய்யுமிடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளப்பான இரும்பில் போல்ட்டு வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். விளக்கு மங்குவதற்குப் பாதிக் காரணம் துருவேறிய எர்த்தே என்பதை மறக்கலாகாது.

5. ஸ்விச்சின் வெளிவரும் முனையிலிருந்து ரிலேயின் 86 முனைக்கும், 85 முனையிலிருந்து எர்த்துக்கும் மெல்லிய கம்பி போதும். சுருளோடு டையோடு சேர்ந்த ரிலேயானால் இவ்விரண்டையும் மாற்றிவிடக் கூடாது.

6. ஸ்விச்சுக்கு வரும் மின்சாரத்தை 3 ஆம்பியர் பியூஸ் வழியாக எடுக்க வேண்டும். எங்கிருந்து எடுப்பது என்பது விளக்கின் உபயோகத்தைப் பொறுத்தது. சாலையில் எரியும் முன்விளக்கானால் பார்க்கிங் விளக்குக் கம்பியிலிருந்து எடுத்தால், பகலில் வீணே எரியாது. டிராக்டரில் தூரத்து ஒளி வீசும் விளக்கு வைத்தவர், ஸ்விச்சுக்கு மின்சாரத்தைப் பிரைட் விளக்குக் கம்பியிலிருந்து எடுக்கலாம்; எதிர்வண்டிக்காக டிம் செய்த கணமே துணை விளக்கும் தானே அணைந்துவிடும். வயலுக்கான பின்விளக்கானால் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியிலிருந்து எடுக்க வேண்டும். சாவியை எடுத்தபின் விளக்கு எரிந்துகொண்டிருந்து காலையில் வண்டி கிளம்பாமல் நிற்கும் துன்பம் இதனால் ஒழியும். ஹெட்லைட்டுகளைக் கணினி ஆளும் புது வண்டிகளில், கம்பெனி கம்பிகளைத் தொடுமுன் அவ்வண்டியை அறிந்த எலெக்ட்ரீஷியனைக் கேட்க வேண்டும்.

7. ஸ்விச்சின் அடையாள விளக்கை டாஷ்போர்டு விளக்குக் கம்பியோடு சேர்த்தால், மற்ற ஸ்விச்சுகளோடு அதுவும் இரவில் ஒளிரும்.

8. எல்லாக் கம்பிகளும் நெளிகுழாயினுள் செல்ல வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் அவசியம். சைலன்சரையும் டீசல் குழாயையும் விட்டு விலக்கிக் கட்ட வேண்டும். நெல்லும் தீவனமும் உள்ள கொட்டகையில் வண்டியை நிறுத்துவோர், எலி கடித்த இடம் உண்டா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நலம்.

பியூஸ் போய்விட்டால் அதன் இடத்தில் கம்பியையோ சிகரெட்டுக் காகிதத்தையோ செருகுவது, காவல்காரனைத் துரத்திவிட்டுக் களத்தைத் திறந்துவைப்பது போன்றது. 15 ஆம்பியர் பியூஸ் நீல நிறம், 10 ஆம்பியர் சிவப்பு, 20 ஆம்பியர் மஞ்சள். நிறம் பார்த்து அதே அளவையே போடுக. அதுவும் உடனே போய்விட்டால், குற்றம் பியூஸில் இல்லை, கம்பியில் இருக்கிறது.

24 வோல்ட்டு லாரிகள்

பெரிய லாரிகள் இரண்டு 12 வோல்ட்டு பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓடுபவை. இவற்றிற்கு விளக்கும் ரிலேயும் 24 வோல்ட்டுக்கு உரியனவாக இருக்கவேண்டும். கைவசமுள்ள 12 வோல்ட்டு விளக்கை இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எரிப்பது சிலருடைய வழக்கம். அது மிகவும் தவறானது. ஒரு பாட்டரி எப்போதும் குறைந்தும், மற்றது மிகையாகச் சார்ஜ் ஏறியும், விரைவில் இரண்டுமே கெடும்.

ஆல்டர்னேட்டரின் திறனையும் பார்க்க வேண்டும். பல டிராக்டர்களில் இருப்பது 36 ஆம்பியர் அளவுள்ளது. என்ஜின் மெதுவாக ஓடும்போது அது தருவது இன்னும் குறைவு. ஹெட்லைட்டுகளோடு ஹாலஜன் துணை விளக்குகள் நான்கையும் சேர்த்துப் போட்டால் பாட்டரிக்குத் திரும்பச் சேர்வது சொற்பமே. அதிக விளக்கு வேண்டுவோர் எல்.இ.டி. வகையை நாடுவதே சிக்கனம்.

வேலை முடிந்தபின் சோதனை

சாவியை எடுத்த நிலையில் ஸ்விச்சைப் போட்டுப் பார்க்க வேண்டும், விளக்கு எரியலாகாது. சாவி போட்டு, முன்விளக்கானால் அது சார்ந்திருக்கும் விளக்கையும் எரியவிட்டு, ஸ்விச்சை அழுத்தும்போது ரிலேயில் ‘டக்’ என்ற ஓசை கேட்க வேண்டும். பத்து நிமிஷம் எரியவிட்டு, ரிலே, பியூஸ் தாங்கி, இணைப்புகள் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு எங்கே உண்டோ அங்கே இணைப்புத் தளர்ந்திருக்கிறது என்று அறியலாம். பிறகு, விளக்கு எரியும்போதே பாட்டரி முனைகளிலும் விளக்கின் முனைகளிலும் வோல்ட்டை அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டிற்கும் உள்ள வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை நன்றாய் அமைந்தது எனலாம்.

ஒளியின் திசையும் சட்டமும்

தனக்கு வழி தெரிவதற்காக எதிரில் வருபவரின் கண்ணைக் குருடாக்குவது நியாயமுமன்று, சட்டமுமன்று. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். விளக்கிற்கு 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ளவருக்கு அது கூசலாகாது. சரக்கு லாரி முதலிய போக்குவரத்து வாகனங்களின் முன்புறம் தேடுவிளக்குப் பொருத்துவதையும் அவ்விதிகள் தடுக்கின்றன. ஆகவே லாரிக்காரர்கள், தாழ்வாகப் பொருத்தி அகலமாக ஒளி வீசும் மூடுபனி விளக்குகளோடு நிற்பது தகும். ஐயமிருப்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

ஒளியைத் திருத்தும்போது பலரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பாரம் ஏற்றினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் நிமிர்கிறது. வெறும் வண்டியில் சரியாயிருந்த ஒளி, மூட்டைகள் ஏறியபின் எதிர்வருபவரின் முகத்தில் அடிக்கும். ஆகையால் பாரத்தோடு சமதரையில் சுவரெதிரே நிறுத்தி, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்திற்குக் கீழே விழும்படி முடுக்க வேண்டும்.

டிராக்டரின் பின்புறம் கலப்பையைப் பார்ப்பதற்காக வைக்கும் வெள்ளை விளக்கு வயலுக்கு மட்டும் உரியது. அதை அணைக்காமல் சாலைக்கு வந்தால், பின்னால் வருபவர் அதை எதிரே வரும் வண்டியென்று எண்ணி மயங்குவார். இதனாலேயே முன்விளக்கிற்கும் பின்விளக்கிற்கும் தனித்தனி ஸ்விச்சும் ரிலேயும் வைக்கும்படி வற்புறுத்தப்படுகிறது.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

அறுவடை தொடங்குமுன் ஊர் வண்டிகளை ஒருநாள் மாலையில் ஓரிடத்தில் சேர்த்து, எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு விளக்குகளையும் கம்பிகளையும் பார்வையிடச் செய்வது பெரிய உபகாரமாகும். கிராம சபையில் இவ்விஷயத்தைச் சொல்வதற்குச் செலவு ஏதுமில்லை. டிரெய்லர்களின் பின்புறச் சிவப்பு விளக்கு எரிகிறதா, பிரதிபலிப்பான்கள் சேறு மூடாமல் இருக்கின்றனவா, கரும்பு தொங்கி அவற்றை மறைக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். முன்னால் எத்தனை விளக்கு வைத்தாலும், பின்னால் இருண்டிருக்கும் வண்டி சாலையில் நிற்கும் கற்பாறைக்கு ஒப்பாகும்.

சுருங்கச் சொல்லின், ஸ்விச்சு ஏவவேண்டும், ரிலே சுமக்கவேண்டும், பியூஸ் காக்கவேண்டும். இம்மூன்றும் தத்தம் வேலையைச் செய்யும் வண்டியில் இரவு வேலைக்கு அஞ்சவேண்டியதில்லை. எலெக்ட்ரீஷியனிடம் வண்டியை விடும் குடியானவர், “ரிலே எங்கே வைத்தீர்கள், பியூஸ் எங்கே வைத்தீர்கள்?” என்று இரண்டு கேள்விகளைக் கேட்டு, இரண்டையும் கண்ணால் பார்த்தபின் கூலியைக் கொடுப்பாராக.